இணைய வகுப்பில் கணக்கு: மாணவரின் நோட்டு உங்கள் கண்ணுக்கு வர வேண்டும்

வகுப்பறையில் கணக்கு ஆசிரியர் பாதி நேரம் பெஞ்சுகளுக்கு நடுவில்தான் இருப்பார். பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, யார் எந்த வரியில் சறுக்குகிறார்கள் என்று ஒவ்வொரு நோட்டாக எட்டிப் பார்ப்பார். இணைய வகுப்பில் முதலில் பறிபோவது இந்தப் பார்வைதான். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்" என்று நாலு குரல் வரும், மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரியவே தெரியாது. அதனால் எந்தச் செயலியை எடுத்தாலும், மாணவர் எழுதுவது நம் கண்ணுக்கு வருமா என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் எழுதிக் காட்ட விலை கூடிய கருவி தேவையில்லை. மேசைக்கு 35 செ.மீ உயரத்தில், கேமரா கீழே பார்க்கும்படி போனைப் படுக்கையாக நிறுத்தினால் போதும். ஸ்டாண்டு இல்லையென்றால் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே இரண்டு மர ஸ்கேல்களைப் பாலம்போல் வைத்து, கேமரா மறையாதபடி போனை அதன்மேல் கிடத்துங்கள். படத்துக்குள் விழும் பகுதியின் நான்கு மூலைகளிலும் மேசைமேல் டேப் ஒட்டிவிடுங்கள். தாள் நகர்ந்தாலும் எல்லை தெரியும். வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். தலைக்கு நேர் மேலே டியூப்லைட் இருந்தால் போனின் நிழல் தாளிலேயே விழும். கருத்த மேசையில் வெள்ளைத் தாள் வைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு எழுத்தை வெளிறடித்துவிடும். அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரியுங்கள். பால்பாயிண்ட் பேனா தெரியாது. ஸ்கெட்ச் பேனாவில் ஒன்றரை சென்டிமீட்டர் உயர எழுத்து, ஒரு தாளுக்கு ஐந்தாறு வரி. ஒவ்வொரு வரி எழுதியதும் கையை விலக்கி இரண்டு நொடி பொறுங்கள். கை குறுக்கே வரும்போதெல்லாம் கேமரா ஃபோகஸைத் தேடி அலையும்.

தாளைக் காட்டப் போன், மாணவர்களைப் பார்க்க மடிக்கணினி என்று இரண்டிலும் ஒரே இணையக் கூட்டத்தில் சேர்ந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். போனின் மைக்கை மியூட் செய்து, ஒலியையும் முழுதாகக் குறைத்துவிடுங்கள். வகுப்பு நடுவில் அழைப்பு வராமலிருக்க 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போடுங்கள்.

இனி முக்கியமான வேலை, கேள்வி கேட்பது. ஆறாம் வகுப்புப் பின்னத்தை எடுத்துக்கொள்வோம். 2/3 + 1/4 எவ்வளவு? நான்கு விடைகள் தருகிறோம்: 1) 3/7, 2) 11/12, 3) 3/12, 4) 2/12. தவறான மூன்றும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளிலிருந்தே எடுத்தவை. 3/7 என்றவர் மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டியிருக்கிறார். 3/12 என்றவர் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) சரியாக எடுத்துவிட்டுத் தொகுதிகளை மாற்ற மறந்திருக்கிறார். 2/12 என்றவர் பெருக்கிவிட்டார். மூவருக்கும் ஒரே விளக்கம் உதவாது. முதலாமவரிடம், "3/7 பாதியைவிடச் சின்னது, 2/3 தனியாகவே பாதிக்கு மேல். கூட்டினால் குறையுமா?" என்று கேளுங்கள். இரண்டாமவருக்குப் பன்னிரண்டு கட்டம் போட்ட பட்டை ஒன்றைக் கேமராவுக்குக் கீழே வரைந்து, 2/3 பங்குக்கு எட்டுக் கட்டம், 1/4 பங்குக்கு மூன்று கட்டம் என்று அவரையே எண்ணச் சொல்லி வண்ணமடியுங்கள். பெருக்கியவருக்கு அநேகமாகக் குறியைக் காட்டினாலே போதும்.

விடை வாங்குவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். சாட்டில் முதல் விடை விழுந்ததும் மற்றவர்கள் அதையே போடுவார்கள். "டைப் செய்து வையுங்கள், அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒன்றரை நிமிடம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், ஆனால் மாணவர்கள் கணக்குப் போடுவது அப்போதுதான். பிறகு மூன்று எண்ணி, எல்லாரையும் ஒன்றாக அனுப்பச் சொல்லுங்கள். பின்னத்தை டைப் செய்யவே சிலருக்கு நேரமாகும். விடையின் வரிசை எண் மட்டும் போதும்.

எண் சரியாக வந்தாலும் வழி தெரியாது. எனவே தினம் ஐந்து பேர், முறைவைத்து, அன்றைய பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஜன்னல் ஓரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். குழுவில் வேண்டாம், உங்கள் எண்ணுக்குத் தனியாக வரட்டும். தவறான பக்கம் எல்லார் முன்னாலும் கிடந்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை பார்த்து எழுதித்தான் அனுப்பும்.

கூகுள் ஃபார்ம்ஸில் தேர்வு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரியான விடை 11/12 என்று கொடுத்துவைத்தால், 22/24 என்று எழுதியவருக்கும், நடுவில் இடைவெளி விட்டவருக்கும் தவறு போட்டுவிடும். "சுருங்கிய வடிவில் தொகுதி எவ்வளவு? பகுதி எவ்வளவு?" என்று இரண்டு கேள்வியாக்கி, எண் மட்டுமே ஏற்கும்படி அமையுங்கள்.

இலவச ஜூமில் 40 நிமிடம், மூன்று பேரோ அதற்கு மேலோ சேரும் இலவச கூகுள் மீட்டில் 60 நிமிடம்தான். அதற்குக் காத்திருக்காமல் 35 நிமிடத்தில் முடியுங்கள். தினம் 1.5 ஜிபியை அண்ணன் தங்கையோடு பங்கிடும் வீடுகள் உண்டு. அதனால் மாணவர்களின் கேமரா அணைந்தே இருக்கட்டும். இணைப்பு அறுந்தவர்களுக்காக, எழுதிய தாள்களின் படத்தை வகுப்பு முடிந்ததும் குழுவில் போடுங்கள்.

இதே போன் ஏற்பாடு நேரடி வகுப்பிலும் உதவும். புரொஜெக்டரோடு இணைந்த கணினியையும் போனையும் ஒரே மீட்டில் சேர்த்துவிட்டால், யாருடைய நோட்டையும் திரையில் காட்டலாம். காட்டும் முன் அந்த மாணவரிடம் சம்மதம் கேளுங்கள், பெயரைத் தாளால் மறையுங்கள். பிழை எந்த வரியில் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், வகுப்பு தேடட்டும்.