பல நாள் சைக்கிள் பயணம்: குழுவாகச் செல்வோர் வீட்டிலேயே செய்துவிடும் தவறுகள்

சிங்கப்பூரின் சாங்கி கடலோரச் சாலையில் ஞாயிறு காலை எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் பசியாற உட்காரும் நண்பர்கள், அதே கணக்கை வைத்துக்கொண்டு மலேசியாவுக்கு ஆறு நாள் பயணம் திட்டமிடும்போதுதான் முதல் தவறு நேர்கிறது. எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழு இத்தகைய பயணங்களைச் சில ஆண்டுகளாக மேற்கொண்டு வருகிறது. கிழக்குக் கடலோரமாக மெர்சிங் வரை ஓட்டி, அங்கிருந்து வேனில் தாப்பாவுக்குச் சென்று கேமரன் மலை ஏறி இறங்குவது எங்களுக்கு மிகவும் பிடித்த வழி. இங்கே எழுதியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நாங்களே செய்திருக்கிறோம். அவற்றிலும் பல, சக்கரம் உருளத் தொடங்குமுன்பே, புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியபோது செய்தவை.

ஒரு நாளின் உழைப்பைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பது அவற்றுள் தலையாயது. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா நகருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அந்தத் தூரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தாண்டவில்லை. நாம் ஏற்றப் பயிற்சிக்குப் போகும் ஃபேபர் மலை சுமார் நூறு மீட்டர். தாப்பாவிலிருந்து ஏறும் மலைச்சாலையின் சரிவு பெரும்பாலும் மென்மையானது என்பதால் முதல் ஒரு மணி நேரம் அது யாரையும் பயமுறுத்துவதில்லை. அதன் கடுமை நீளத்தில் இருக்கிறது: ஃபேபரில் ஏறியவுடன் இறக்கம் வந்து கால்களுக்கு ஓய்வு கொடுக்கும், அங்கே அந்த ஓய்வு அபூர்வமாகவே கிடைக்கும். எங்கள் குழுவில் முதலில் மேலே சேர்ந்தவருக்கும் கடைசியாகச் சேர்ந்தவருக்கும் இடையே இரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தது. ஆகவே தூரத்தோடு மொத்த ஏற்றத்தையும் மீட்டரில் எழுதி, குழுவில் ஆக மெதுவாகச் செல்பவர் எத்தனை மணி நேரம் எடுப்பார் என்று கணக்கிட்டு, அதன்படியே தங்குமிடத்தைத் தீர்மானிக்க வேண்டும். அங்கேயும் சூரிய உதயம் நம்மைப் போல் ஏழு மணியை ஒட்டித்தான்; மலையில் பிற்பகல் மழை அடிக்கடி பெய்யும். இவ்விரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் பொழுதே நம் கையிருப்பு.

பருவத்தைப் பள்ளி விடுமுறையை வைத்துத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. நவம்பர், டிசம்பர் விடுமுறை பெற்றோருக்கு வசதி என்றாலும், மலேசியாவின் கிழக்குக் கடலோரத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழையையாவது நனைந்துகொண்டு கடந்துவிடலாம். வடக்கு நோக்கிச் செல்பவருக்குக் கடற்காற்று நாள் முழுவதும் முகத்தில் அறையும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. நோன்பு மாதத்தில் போவதானால், கடலோரக் கிராமங்களின் சாலையோரக் கடைகள் பகலில் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு உணவைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

சைக்கிளைப் பற்றிய தவறுகளில் கியர் முதன்மையானது. சமதளச் சாலைக்கு ஏற்ற பின்பல்சக்கரங்களுடன் மலைக்குப் போகிறவர்கள், கால் வலிமையால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முன்னால் 34 பல்லும் பின்னால் 28 பல்லும் இருந்தால், மிதியின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நகரும். பின்னால் 34 பல் இருந்தால் இரண்டு மீட்டருக்குச் சற்றே மேல். ஒரு சுற்றுக்கு அரை மீட்டர்தானே என்று தோன்றும். மூன்றாம் நாள், பையின் எடையோடு, நான்காவது மணி நேரத்தில் முழங்காலைக் கேட்டால் அந்த அரை மீட்டரின் மதிப்பைச் சொல்லும். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் புதிய இருக்கையோ புதிய காலணியோ மாட்டுவதும் வேண்டாம். உடலோடு பொருந்த ஒரு மாதமாவது பழக வேண்டும்.

உதிரிப் பாகங்களில் எல்லாரும் ஒன்றையே சுமந்து செல்வது குழுக்களுக்கே உரிய தவறு. ஒருமுறை எங்கள் எட்டுப் பேரிடமும் சேர்த்துப் பதினெட்டு டியூப்கள் இருந்தன; செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற விரல் நீள அலுமினியத் துண்டு ஒருவரிடமும் இல்லை. தானா ராத்தாவில் இரவு சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்த சைக்கிள்களில் ஒன்று, செயின் இருக்கும் வலப்பக்கமாக விழுந்திருக்கிறது. காலையில் எடுத்தவர் தூசியைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். இறங்கும் வழியில் ரிங்லெட் என்ற ஊருக்கு முன் வந்த ஒரு சிறு மேட்டில் அவர் ஆகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியபோது, வளைந்திருந்த ஹேங்கர் கியரை ஸ்போக்குகளுக்குள் தள்ள, இரண்டும் முறுக்கிக்கொண்டு ஒடிந்தன. காய்கறி ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லோரியை நிறுத்திய தமிழர் ஒருவர், “கோஸ் மூட்டை மேல வைங்க தம்பி, தாப்பாவுல இறக்கி விட்டுடுறேன்” என்று சொல்லியிராவிட்டால் அன்றைய நாள் அங்கேயே முடிந்திருக்கும். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும். சிற்றூர்க் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே அவரவர் சைக்கிளுக்கு உரியதை அவரவர் வைத்துக்கொண்டு, செயின் கழற்றும் கருவி, டயர் கிழிசலுக்கான ஒட்டு, கைப்பம்பு போன்ற பொதுவானவற்றைப் பட்டியலிட்டுப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

சாலையில் வரிசை கலைவதும் குழுவின் நோய். சிங்கப்பூரில் 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதிப்படி, சாலையில் ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் போகக்கூடாது. ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இருவர் இருவராகச் சென்றால் பத்துப் பேர். எல்லை தாண்டியதும் இந்தப் பழக்கத்தைக் கைவிடுபவர்கள் உண்டு. போவதற்கு ஒரு தடமும் வருவதற்கு ஒரு தடமுமாக உள்ள சாலையில் எட்டுப் பேர் நீண்ட வாலாகச் சென்றால், முந்த வரும் லோரிக்குத் திரும்ப ஒதுங்க இடமிருக்காது. நான்கு நான்கு பேராகப் பிரிந்து, நடுவில் ஒரு லோரி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுச் செல்வதே பாதுகாப்பு.

காத்திருப்பதில் நடக்கும் அநியாயம் வெளியே தெரியாது. வேகமானவர்கள் மேட்டில் முன்கூட்டியே ஏறி, நிழலில் இருபது நிமிடம் உட்கார்ந்து, படம் எடுத்து, வாழைப்பழம் தின்று முடிக்கும்போது கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்கிறார். உடனே “எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்கிறார்கள். அந்த ஒருவருக்கு மட்டும் நாள் முழுவதும் ஓய்வே இல்லை. நாங்கள் இப்போது கடிகாரத்தைக் கடைசி ஆள் வந்த பிறகே தொடங்குகிறோம். பத்து நிமிடம் அவருக்குரியது. எப்போதும் பின்னால் துணைக்கு வருபவர் யார் என்பதையும் காலையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்கிறோம்.

பசித்த பிறகு சாப்பிடுவது, தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பது ஆகிய இரண்டும் பிற்பகலில் தலைசுற்றலாகத் திரும்பி வரும். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை என்பது பொதுவான அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். வியர்வையில் போகும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருவது அச்சத்தால் செய்யும் தவறு. தொடர்ந்த உராய்வில் பிரேக் சூடேறி அதன் பிடி குறையும். வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். வியர்த்த சட்டையுடன் மேலிருந்து இறங்கினால் குளிரில் விரல்கள் விறைத்து, பிரேக்கை அழுத்தவே தடுமாறும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையைச் சுமை என்று வீட்டில் விட்டுவருவது சிக்கனமாகாது.

கடைசியாக, திரும்பும் நாளைப் பற்றி யாரும் திட்டமிடுவதில்லை. சாங்கியிலிருந்து ஜொகூரின் தஞ்சோங் பெங்கெலேவுக்குப் படகேறிப் போகும்போது, படகு புறப்படப் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருப்பதுகூட உல்லாசமாகவே இருக்கும். திரும்பும்போது ஜொகூர் கடற்பாலத்தில் சைக்கிள்கள் மோட்டார் சைக்கிள் தடத்தில்தான் வர வேண்டும். ஆறு நாள் களைப்போடு, ஞாயிறு இரவில், சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பும் மோட்டார் சைக்கிள்களின் நடுவே புகையைச் சுவாசித்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்த பிறகு, சனிக்கிழமை இரவே ஜொகூர் பாருவில் தங்கி ஞாயிறு காலை கடந்துவிடுவது என்று எங்கள் எட்டுப் பேரும் ஒருமனதாக முடிவெடுத்தோம்.