இன்சுலின் போடும் முன் சிரிஞ்சைப் பாருங்கள்

சேலத்தில் வார்டு டியூட்டி தொடங்கும் நர்சிங் மாணவர்களே, முதலில் இன்சுலின் குப்பியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், ஒரு மில்லியில் 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று, ஏனென்றால் இங்கே இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள், இன்னொரு நர்ஸிடமும் காட்டுங்கள்.

அப்புறம், நோயாளியிடம் "நீங்கதான் செல்வியா?" என்று கேட்காதீர்கள், அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "அம்மா, உங்க பேரு, வயசு சொல்லுங்க" என்று கேட்டு, கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ்ஸில் இறங்கி வந்தவர் என்றால் சர்க்கரை அளவைப் பார்த்து, சாப்பாடு கைக்கு வந்தபிறகே வேகமாக வேலை செய்யும் இன்சுலின். போட்டபிறகுதான் சார்ட்டில் கையெழுத்து.