கரு தங்காததற்கு ஆன்டிபாடிதான் காரணமா? அவசர முடிவுகளில் நேரும் தவறுகள்

இரண்டு, மூன்று முறை கரு கலைந்த பிறகு, ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் காரணம் அகப்பட்டுவிட்டது என்று மனம் அதைப் பற்றிக்கொள்ளும். அந்த ஆறுதலைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தவறான சிகிச்சைகள் பலவும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

உடல் தன் சொந்தத் திசுக்களுக்கு எதிராகவே உருவாக்கும் புரதங்கள்தான் ஆட்டோ ஆன்டிபாடிகள். இவற்றில் பல வகை உண்டு. தொடர் கருச்சிதைவோடு தெளிவான தொடர்பும் அதற்கென்று சிகிச்சையும் உள்ளவை ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடிகள். இவை நஞ்சுக்கொடியில் ரத்தத்தை உறையவைப்பதோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடி கருப்பையில் வேர்விடுவதையே கெடுக்கின்றன, அழற்சியையும் தூண்டுகின்றன. லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், ஆன்டி பீட்டா 2 கிளைகோபுரோட்டீன் ஆகிய இவற்றின் மூன்று வகைகளையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து 'இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரே பரிசோதனையோடு முடிவுக்கு வருவது. ஏதாவது தொற்று வந்து போனாலே இந்த ஆன்டிபாடிகள் சில வாரங்களுக்குத் தலைகாட்டிவிட்டு மறையும். அதனால்தான் ஆன்டிபாஸ்போலிபிட் நோயை உறுதிசெய்ய 2006இல் வெளியான சிட்னி வரையறை, குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டாம் முறையும் பாசிட்டிவாக இருக்க வேண்டும் என்கிறது. அளவும் முக்கியம். ஆன்டிகார்டியோலிபின் 18 யூனிட் என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கலாம். அந்த வரையறை கேட்பதோ 40க்கு மேல். லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் பரிசோதனை ரத்தம் உறையும் நேரத்தை வைத்துச் செய்யப்படுவதால், ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின் மாத்திரை போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் அதைக் குழப்பிவிடும், கர்ப்பமும் குழப்பும். ஹெப்பாரின் ஊசி தொடங்கிய பிறகு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது ஏஎன்ஏ, அதாவது செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி. 1:80 (80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் தெரிவது) என்ற அளவில் இது ஆரோக்கியமானவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் காணப்படுகிறது. மூட்டுவலி, தோல் தடிப்பு போன்ற வேறு அறிகுறி எதுவும் இல்லாதபோது, இதை மட்டும் நம்பி ஸ்டீராய்டு தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டோ ஆன்டிபாடி இருந்து கருவை இழந்த 202 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் பெற்றவர்களிடம் உயிருள்ள குழந்தைப் பேறு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. குறைப்பிரசவமோ 62 சதவீதம். மருந்து பெறாதவர்களிடம் அது 12 சதவீதம்தான்.

தைராய்டு ஆன்டிபாடியிலும் இதே கதைதான். ஹார்மோன் அளவு சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் உள்ளவர்களுக்கு லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை பலன் தரவில்லை என்று 2019இல் ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவை மட்டும் கவனித்துவர வேண்டும்.

ஆன்டிபாடி தெரிந்ததும் மற்றத் தேடலை நிறுத்திவிடுவதும் உண்டு. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். கருப்பையின் அமைப்பையும் பார்த்தாக வேண்டும்.

உறுதியான ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்ந்ததே முதன்மைச் சிகிச்சை. 1997இல் 90 பெண்களிடம் நடந்த லண்டன் ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினரும், இரண்டும் பெற்றவர்களில் 71 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தை பெற்றனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டவில்லை. காரணம் தெரியாத கருச்சிதைவுக்கும் இதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை என்பது 2010 நெதர்லாந்து ஆய்வில் தெரிந்தது. பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பலித்த ஊசி தனக்கும் பலிக்கும் என்று கேட்டு வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்து வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 6ஆவது வாரம் தொடங்கி அந்த மருந்து சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். குழந்தை பிறந்த கையோடு ஊசியைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. பேறுகாலத்துக்குப் பிந்திய 6 வாரங்களில்தான் ரத்தக்கட்டி உண்டாகும் அபாயம் மிக அதிகம்.