பேஸைத் தொடாமல் ஓடிய ரன்னர்: அம்பயரும் அணிகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் பேஸ்பாலில் சறுக்கும் இடம் இது. ஓடும்போது மட்டை கோட்டைத் தாண்டித் தரையில் படவில்லை என்றால், கிரிக்கெட் அம்பயர் யாரும் கேட்காமலே 'ஷார்ட் ரன்' காட்டி அந்த ரன்னைக் கழித்துவிடுவார். பேஸ்பாலில் அப்படி இல்லை. அங்கே அடித்தவர் ரன்னராகி, முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் என்ற தரைக் குறிகளை வரிசையாகத் தொட்டு, அடித்த இடத்தில் உள்ள ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். ரன்னர் இரண்டாம் பேஸைத் தொடாமல் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தாலும் அம்பயர் வாய் திறக்க மாட்டார். ஃபீல்டிங் அணி, ரன்னரையோ அவர் விட்ட பேஸையோ பந்தோடு தொட்டு முறைப்படி அப்பீல் செய்தால்தான் அவுட். யாரும் கேட்கவில்லையா, அந்த ரன் ரன்தான்.

எனவே, அம்பயர் பேசாமல் நின்றால் ரன்னர் பேஸைத் தொட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புது அம்பயர்கள் இதற்கு நேர்மாறாகத் தவறுகிறார்கள். பந்து போகும் திசையைப் பார்த்துக்கொண்டு கால்களைக் கோட்டைவிடுவார்கள். அல்லது பார்த்துவிட்டு, தலையை ஆட்டியோ பேஸையே முறைத்தோ காட்டிக்கொடுத்துவிடுவார்கள். இரண்டில் பின்னதுதான் மோசம் என்பேன். பார்க்கத் தவறினால் அது கவனக்குறைவு. குறிப்புக் காட்டினால் ஓர் அணிக்கு உதவி செய்ததாகிவிடும்.

ஹோம் பிளேட்டில் சைகையும் சிக்கலைக் கிளப்பும். ரன்னர் சறுக்கி வருகிறார், பிளேட்டைத் தொடவில்லை. பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்சரும் அவரைப் பந்தால் தொடவில்லை. இங்கே 'சேஃப்' என்றும் காட்டக் கூடாது, 'அவுட்' என்றும் காட்டக் கூடாது. எந்தச் சைகையும் இல்லாமல் நிற்பதே தொழில்முறை அம்பயர்களின் வழக்கம். ரன்னர் பிளேட்டை மறந்து தன் அணி இருக்கைப் பக்கம் நடந்துவிட்டால், கேட்சர் அவரைத் துரத்த வேண்டியதில்லை. பந்தோடு பிளேட்டை மிதித்து அப்பீல் செய்தால் போதும். ஆனால் ரன்னர் உடனே திரும்பிப் பிளேட்டைத் தொட முயன்றால், அவரையே பந்தால் தொட வேண்டும்.

ஃபீல்டிங் அணிகள் அப்பீலைத் தொலைக்கும் வழிகள் பல. பந்து ஆட்டத்தில் இருக்கும்போதுதான் அப்பீல் செல்லும். 'டைம்' கேட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டிருந்தால், பிட்சர் (பந்து வீசுபவர்) பந்தோடு தன் வீச்சு மேட்டில் நின்று, அம்பயர் 'பிளே' சொன்ன பிறகே அப்பீல் செய்ய வேண்டும். அதுவும் அடுத்த பந்து வீசப்படும் முன், வேறு ஆட்ட முயற்சி எதுவும் நடக்கும் முன். அப்பீலுக்காகப் பந்தை எடுத்த பிட்சர், நடுவில் இன்னொரு ரன்னர் ஓடுவதைக் கண்டு அவரை அவுட்டாக்க எறிந்தால், அப்பீல் உரிமை அங்கேயே போச்சு. அப்பீலுக்காக எறிந்த பந்து பார்வையாளர் பக்கம் போய்விட்டாலும், அதே ரன்னர் மீது அதே பேஸில் மறு அப்பீல் கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தற்செயலாகப் பேஸை மிதிப்பதும் அப்பீல் ஆகாது. எந்த ரன்னர், எந்த பேஸ் என்று அம்பயருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளில் மட்டும், பந்து ஆட்டத்தில் இல்லாதபோதும் வாய்மொழியாக அப்பீல் செய்யலாம்.

ரன்னர் பக்கத் தவறு ஒன்றே ஒன்று: தாமதமாகத் திரும்புவது. தனக்குப் பின்னால் வந்தவர் ஹோம் பிளேட்டைத் தொட்டு ரன் எடுத்துவிட்டால், விட்ட பேஸுக்குத் திரும்பிப் பயனில்லை. ஒரே அடியில் இரண்டு பேஸ்களை விட்ட புண்ணியவானும் உண்டு. 1962 ஜூன் 17 அன்று சிகாகோ கப்ஸுக்கு எதிராக நியூயார்க் மெட்ஸின் மார்வ் த்ரோன்பெரி மூன்றாம் பேஸ் வரை ஓடினார். முதல் பேஸைத் தொடவில்லை என்று அப்பீலில் அவுட். வாதாடப் போன மேலாளர் கேசி ஸ்டெங்கலிடம், இரண்டாம் பேஸையும் அவர் தொடவில்லை என்று சொல்லப்பட்டதாம்.

அதிகக் குழப்பம் ரன் கணக்கில். மூன்று அவுட்டோடு ஓர் அணியின் முறை முடியும். இப்போது இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் ஒருவர். பேட்டர் நீளமாக அடித்து மூன்றாம் பேஸ் வரை போகிறார். முன்னவர் ஹோம் வந்து ரன் எடுக்கிறார். பேட்டர் முதல் பேஸை விட்டிருந்து அப்பீலில் அவுட்டானால் அந்த ரன் செல்லாது. அவர் விட்டது இரண்டாம் பேஸ் என்றால் ரன் செல்லும், ஏனென்றால் அப்பீலுக்கு முன்பே அது எடுக்கப்பட்டுவிட்டது. முன்னால் ஓடியவரே ஒரு பேஸை விட்டு மூன்றாவது அவுட்டானால், அவருக்குப் பின்னால் வந்தவர்களின் ரன்களும் போகும். பின்னால் வருபவருக்கு இடம்விட்டுக் கட்டாயமாக அடுத்த பேஸுக்கு நகர வேண்டிய ரன்னர், அதைத் தொடாமல் மூன்றாவது அவுட்டானால் அந்த அடியில் ஒரு ரன்னும் கிடையாது.

இந்தக் கடைசி விதிதான் 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கை உலுக்கியது. கப்ஸுக்கு எதிராக 1-1 என்ற நிலையில், ஒன்பதாம் இன்னிங்ஸில், இரண்டு அவுட்டுக்குப் பின் நியூயார்க் ஜயன்ட்ஸ் வெற்றி ரன்னை எடுத்தது. முதல் பேஸில் இருந்த ஃப்ரெட் மெர்கிள் இரண்டாம் பேஸைத் தொடாமலே பாதியில் திரும்பிப் போனார். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தோடு இரண்டாம் பேஸை மிதித்தார். அம்பயர் ஹேங்க் ஓடே அவுட் கொடுத்தார். ரன் போனது, ஆட்டம் சமன். அக்டோபர் 8 அன்று மீண்டும் ஆடியதில் கப்ஸ் வென்றது. லீக் பட்டமும் அவர்களுக்கே.

மூன்று அவுட் ஆனபின்னும் அப்பீலுக்கு இடமுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் பேஸைத் தொடாமல் ஒருவர் ஹோம் வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு பேட்டர் இரண்டாம் பேஸில் மூன்றாவது அவுட் ஆகிறார். அப்போதும் முன்னவர் மீது அப்பீல் செய்யலாம். அந்த அவுட்டே மூன்றாவதாகக் கணக்கில் ஏறும், ரன் கழியும். ஆனால் பிட்சரும் உள்வட்ட ஃபீல்டர்கள் அனைவரும் மைதானத்தின் ஃபேர் பகுதியை (இரு பக்கக் கோடுகளுக்கு உட்பட்ட ஆடுகளத்தை) விட்டு வெளியேறும் முன் கேட்க வேண்டும். பரபரவென்று இருக்கைக்கு ஓடிவிட்டால் எதிரணிக்கு அந்த ரன் நின்றுவிடும்.