அடிகளை எண்ணிப் பட்டறைக்குச் செல்லுங்கள்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் காலாட்படையின் ஆயுத மேம்பாடுகள்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் கொல்லன் பட்டறை கட்டி முடிந்ததும் பலரும் செய்வது, கையில் உணவு சேரும்போதெல்லாம் ஏதாவது ஒரு மேம்பாட்டை அழுத்திவிடுவதுதான். மேம்பாடு எதுவும் வீண்போகாது என்று தோன்றலாம். உண்மையில், எதிரே நிற்கும் படையைப் பொறுத்து, ஒரே மேம்பாடு ஒரு போரின் முடிவையே மாற்றும். மற்றொரு போரில் எந்தத் தடயமும் இல்லாமல் கரைந்துபோகும். அதை முன்கூட்டியே கணிக்கும் முறையை டெஃபினிட்டிவ் எடிஷன் பதிப்பின் எண்களைக் கொண்டு விளக்குகிறேன்.

காலாட்படையின் தாக்குதலைக் கூட்டும் ஆராய்ச்சிகள் மூன்று; ஃபியூடல், காஸில், இம்பீரியல் என்று விளையாட்டு முன்னேறும் காலகட்டங்களில் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. ஃபியூடல் காலத்தில் கிடைக்கும் ஃபோர்ஜிங் 150 உணவுக்கு 1 புள்ளியும், காஸில் காலத்து அயர்ன் காஸ்டிங் 220 உணவு, 120 தங்கத்துக்கு மேலும் 1 புள்ளியும், இம்பீரியல் காலத்து பிளாஸ்ட் ஃபர்னஸ் 275 உணவு, 225 தங்கத்துக்கு 2 புள்ளிகளும் தருகின்றன. இவை குதிரைப்படைக்கும் சேர்த்தே பயன்படும். கவசத்தில் ஸ்கேல் மெயில், செயின் மெயில், பிளேட் மெயில் என்ற வரிசை காலாட்படைக்கு மட்டும் உரியது. முதல் இரண்டும் கைகலப்புக் கவசத்தையும் அம்புக் கவசத்தையும் ஒவ்வொரு புள்ளி உயர்த்த, மூன்றாவது கைகலப்புக்கு 1, அம்புக்கு 2 எனக் கூட்டுகிறது. ஆராய்ச்சி முடிந்த நொடியிலேயே களத்தில் நிற்கும் வீரர்களுக்கும் இனிப் பிறக்கப்போகும் வீரர்களுக்கும் பலன் சேர்ந்துவிடும்.

சேதக் கணக்கு எளிது. அடிப்பவரின் தாக்குதலிலிருந்து அடிபடுபவரின் கவசத்தைக் கழிக்க வேண்டும். ஈட்டி வீரர்களுக்குக் குதிரைப்படை மீது இருப்பதுபோன்ற கூடுதல் சேதம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். எவ்வளவு கழித்தாலும் ஓர் அடிக்குக் குறைந்தது 1 சேதம் உண்டு. எதிராளியின் உயிர்ப் புள்ளிகளை இந்தச் சேதத்தால் வகுத்து, மீதி வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொண்டால், அவரை வீழ்த்தத் தேவையான அடிகளின் எண்ணிக்கை கிடைக்கும். அந்த எண்ணிக்கை குறைகிறதா என்பதே ஒரு மேம்பாட்டை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி. தாக்குதல் எத்தனை சதவீதம் உயர்ந்தது என்ற கணக்கு இங்கே ஏமாற்றிவிடும்.

பைக்மேனும் (ஈட்டி வீரரின் அடுத்த படி) நைட்டும் (குதிரை வீரர்) மோதும் காட்சியை எடுத்துக்கொள்வோம். காஸில் காலத்தில் இதைவிட அடிக்கடி நிகழும் மோதல் அரிது. நைட்டுக்கு உயிர் 100, தாக்குதல் 10, கைகலப்புக் கவசம் 2. பைக்மேனுக்கு உயிர் 55, தாக்குதல் 4, குதிரைப்படை மீது கூடுதலாக 22, கவசம் ஏதுமில்லை. மேம்பாடே இல்லாத நிலையில் பைக்மேனின் ஓர் அடி 24 சேதம் என்பதால் நைட்டை வீழ்த்த 5 அடிகள் வேண்டும். நைட்டுக்கோ 6 அடிகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பைக்மேன் வெல்வதுபோலத் தெரியும். ஆனால் பைக்மேன் 3 வினாடிக்கு ஒருமுறைதான் அடிக்கிறார், நைட் 1.8 வினாடிக்கு ஒருமுறை அடிக்கிறார். இருவரும் முதல் அடியை ஒரே நேரத்தில் போடுவதாக வைத்துக்கொண்டால், பைக்மேனுக்கு 12 வினாடி தேவைப்படும் வேலையை நைட் 9 வினாடியில் முடித்துவிடுகிறார்.

இப்போது ஃபோர்ஜிங் செய்யுங்கள். சேதம் 25 ஆகிறது. 5 அடிகள் 4 ஆகக் குறைகின்றன. நேரம் 9 வினாடிக்கு இறங்கி, போர் சமநிலைக்கு வருகிறது. அதோடு ஸ்கேல் மெயிலும் சேர்ந்தால் நைட்டின் அடி 9 சேதமாகக் குறைந்து, அவருக்கு 7 அடிகள், அதாவது 10.8 வினாடி தேவைப்படும். மொத்தம் 250 உணவில், ஏறத்தாழ ஏழு பைக்மேன்களுக்கான உணவில், தோற்றுக்கொண்டிருந்த படை வெல்லத் தொடங்குகிறது. எதிராளி சும்மா இருக்கமாட்டார் என்பது வேறு விஷயம். அவர் குதிரைக் கவசத்தின் முதல் படியை வாங்கினால் உங்கள் சேதம் மீண்டும் 24 ஆகி, 5 அடிகளுக்குத் திரும்பிவிடுவீர்கள். அந்த நேரத்தில்தான் அயர்ன் காஸ்டிங் விலைக்குத் தகுந்ததாகிறது. அவர் குதிரைக் கவசம் வாங்காதவரை அயர்ன் காஸ்டிங்கால் 26 சேதம் கிடைத்தாலும் 4 அடிகள் 4 அடிகளாகவே இருக்கும். ஆகவே எதிரியின் நைட் ஒருவரைச் சொடுக்கி, அவருடைய கவச எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குச் செல்வது நல்லது.

ஃபியூடல் காலத்தில் ஈட்டி வீரர்கள் ஸ்கவுட் குதிரைகளை எதிர்கொள்ளும்போது இதே ஃபோர்ஜிங் பயனற்றுப் போகிறது. 45 உயிர் கொண்ட ஸ்கவுட்டுக்கு 18 சேதமானாலும் 19 சேதமானாலும் 3 அடிகள்தான். பிளட்லைன்ஸ் ஆராய்ச்சியால் உயிர் 65 ஆனாலும் இரண்டு கணக்கிலும் 4 அடிகள்தான். அந்த 150 உணவை மேலும் நான்கு ஈட்டி வீரர்களுக்குச் செலவிடுவதே மேல்.

இம்பீரியல் காலத்தில் வியப்பு இன்னும் பெரிது. பிளட்லைன்ஸ் இல்லாமல், முழுக் கவசம் பூண்ட பாலடினுக்கு (நைட்டின் உச்சப் படி) உயிர் 160, கைகலப்புக் கவசம் 5. தாக்குதல் மேம்பாடு எதுவுமில்லாத ஹால்பர்டியர் (பைக்மேனின் அடுத்த படி) அவருக்கு 33 சேதம் தருகிறார். மூன்றும் முடித்தவர் 37 தருகிறார். இரண்டிலும் 5 அடிகள். பட்டறையில் கொட்டிய தங்கமெல்லாம் இந்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். பெருங்கூட்டமாக மோதும்போது, பிற படைகளின் அம்பு பட்டு ஏற்கெனவே உயிர் குறைந்த பாலடின்களை வீழ்த்த அந்த நான்கு புள்ளிகள் உதவக்கூடும் என்பதால், முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் செலவாக அது இருக்கக் கூடாது. ஹால்பர்டியரின் கவசம் பலன் தருவது அம்புகளுக்கு எதிராகத்தான். எல்லா மேம்பாடும் முடித்த ஆர்பலெஸ்டர் (குறுக்குவில் வீரர்), ஈட்டி வகைக்கு எதிரான கூடுதல் 3-ஐயும் சேர்த்து 13 சேதம் தருவதால், கவசமற்ற ஹால்பர்டியர் 5 அம்புகளில் விழுகிறார். பிளேட் மெயில் வரை முடித்தவர் 7 அம்புகள் வரை நிற்கிறார்.

கவசத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கோத் நாகரிகத்தின் சிறப்புக் காலாட்படை வீரரான எலைட் ஹஸ்கார்ல் காட்டுகிறார். உயிர் 70, அம்புக் கவசம் 8 கொண்ட அவரை அதே ஆர்பலெஸ்டர் 2 சேதமாக அடித்து 35 அம்புகளில் வீழ்த்துவார். ஸ்கேல் மெயில் முடிந்ததும் சேதம் 1 ஆகி, 70 அம்புகள் தேவைப்படும். செயின் மெயிலால் இந்த எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. அதன் பயன் முக்கியமாகக் கைகலப்பில்தான். கோத்களுக்கு பிளேட் மெயில் இல்லை என்பதை நினைத்து வருந்துபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

உங்கள் நாகரிகமும் கணக்கை மாற்றும். பர்மியக் காலாட்படைக்கு ஃபியூடல் முதல் ஒவ்வொரு காலத்துக்கும் 1 தாக்குதல் தானாகக் கூடுகிறது; ஆஸ்டெக்குகளின் கார்லண்ட் வார்ஸ் ஒரே ஆராய்ச்சியில் 4 தருகிறது; பல்கேரியர்களுக்குப் பட்டறை ஆராய்ச்சிகளின் உணவுச் செலவு பாதிதான். வாள்வீரர் வரிசையின் எண்கள் திருத்தப் பதிப்புகளில் அடிக்கடி மாறுவதால் அவற்றை இங்கே தரவில்லை. வீரரைச் சொடுக்கினால் திரையின் கீழே தெரியும் உயிர், தாக்குதல், கவச எண்களை எடுத்து இதே வகுத்தலைச் செய்தால் போதும்.