ஸ்டெம் செல்லை இதயத் தசைச் செல்லாக்குவது எப்படி?

உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய பன்திறன் ஸ்டெம் செல்லை இதயத் தசைச் செல்லாக மாற்றுவதற்குப் புதிய மரபணு எதையும் உள்ளே புகுத்த வேண்டியதில்லை. வேண்டிய மரபணுக்கள் அனைத்தும் அதனுள்ளேயே இருக்கின்றன. எதை எந்த நாளில் திறப்பது, எதை மூடுவது என்பதுதான் வேலை.

தொடக்கத்தில் ஆக்ட்4, சாக்ஸ்2, நானோக் என்னும் படியெடுப்புக் காரணிகள் (மரபணுக்களைத் திறந்து மூடும் புரதங்கள்) ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, செல் எந்தத் திசையிலும் போகாதபடி பிடித்து வைத்திருக்கின்றன. வளர்ச்சிக்குரிய மரபணுக்கள் பலவற்றில் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீது தூண்டும் குறியும் அடக்கும் குறியும் ஒருங்கே அமைந்திருப்பதால், அவை அடங்கியிருந்தாலும் சமிக்ஞை வந்தவுடன் விழிக்கக்கூடியவை.

செல்கள் வளர்ப்புத் தட்டை ஏறக்குறைய முழுவதும் நிரப்பிய பிறகே தொடங்க வேண்டும்; அடர்த்தி பிசகினால் பின்னர் எதைச் செய்தும் சரிக்கட்ட இயலாது. முதல் நாளில், இன்சுலின் கலவாத வளர்ப்பு ஊடகத்தில் சி.எச்.ஐ.ஆர்.99021 என்னும் மருந்தைச் சேர்த்து 24 மணி நேரம் வைக்க வேண்டும். இது ஜி.எஸ்.கே.3 நொதியைத் தடுப்பதால், சிதைந்திருக்க வேண்டிய பீட்டா கேட்டனின் என்னும் புரதம் உட்கருவுக்குள் சேர்ந்து பிராக்கியூரி மரபணுவை இயக்குகிறது; விண்ட் எனப்படும் சமிக்ஞைப் பாதை தூண்டப்படுவது இப்படித்தான். செல், கருவில் இதயம் உருவாகும் அடுக்கான இடைப்படையின் பாதையில் இறங்குகிறது. அளவு பெரும்பாலும் 6 முதல் 12 மைக்ரோமோலாருக்குள் அமையும் என்றாலும், ஒவ்வொரு செல் வரிசைக்கும் தனியே சோதித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்த மருந்தைச் சேர்த்த 72 மணி நேரத்தில் ஐ.டபிள்யூ.பி.2 என்னும் மற்றொரு மருந்தைச் சேர்த்து, முன்னர் தூண்டிய அதே விண்ட் சமிக்ஞையை அடக்க வேண்டும். முரணாகத் தோன்றும் இந்தப் படியில்தான் முறையின் சூட்சுமம் இருக்கிறது. இதயப் பாதைக்கு முன்னோடியான மெஸ்ப்1 மரபணு இயங்கத் தொடங்கிய செல்லில் திறந்திருக்கும் மரபணுக்கள் வேறு. ஆகவே நேற்று வழிகாட்டிய சமிக்ஞை இன்று இதயப் பாதையை மறிக்கிறது. அடக்கினால் இதயச் செல்லுக்குரிய என்.கே.எக்ஸ்2-5 மரபணு எழுகிறது. 7ஆம் நாள் முதல் இன்சுலின் கலந்த ஊடகத்துக்கு மாற்றலாம்.

துடிப்பு பெரும்பாலும் 8 முதல் 12 நாட்களுக்குள் தெரியும், ஆனால் அதுவரை காத்திராமல், இரண்டாம் நாளிலேயே தட்டின் ஒரு குழியில் உள்ள செல்களைப் பிராக்கியூரி புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளால் சாயமிட்டுப் பார்ப்பது நல்லது. அது தென்படாவிட்டால் மீதமுள்ள தட்டுகளுக்கு மருந்தைச் செலவழிப்பது வீண். துடிப்பும் ஏமாற்றக்கூடியதே: சிறு திட்டு ஒன்று துடித்தால் ஒட்டியிருக்கும் மற்றச் செல்களும் சேர்ந்து அசையும். எனவே இதயத் தசைச் செல்லின் அடையாளப் புரதமான ட்ரோப்போனின் டி உள்ள செல்களின் விகிதத்தை எண்ணிய பிறகே விளைச்சலைக் குறிக்க வேண்டும்.