நாள்பட்ட நுரையீரல் நோயில் எதிர்ப்பு சக்தியைக் கவனிப்பது எப்படி?

நெஞ்சு நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சி.ஓ.பி.டி.யோ (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகி மூச்சு அடைபடும் நாள்பட்ட நோய்) ஆஸ்துமாவோ உள்ளவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிடணும் சிஸ்டர்?" என்பதுதான். அக்கறையில் கேட்கிறார்கள், சரி. ஆனால் அதைக் கண்மூடித்தனமாகக் கூட்டுவதாகச் சொல்லும் பொடிக்கும் மாத்திரைக்கும் காசு செலவழிக்காதீர்கள். சி.ஓ.பி.டி. நுரையீரலில் கிருமியை விழுங்கும் செல்கள் மந்தமாகிவிடும். வீக்கத்தை உண்டாக்கும் செல்களோ அடங்கவே மாட்டா. இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும்.

புகை உள்ளே போகப்போக, மூச்சு அறைகளில் காவல் இருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. இவை எலாஸ்டேஸ் என்ற நொதியை வெளியிடும். நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் இழைகளையே அது அரித்துவிடும். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம்தான் அதற்குத் தடை. அந்தப் புரதம் குறைவாக இருப்பதற்கும் நுரையீரல் கெடுவதற்கும் உள்ள தொடர்பை 1963-ல் ஸ்வீடனில் லாரெலும் எரிக்சனும் வெளியிட்டார்கள். இளவயதிலேயே சி.ஓ.பி.டி. வந்தவர்கள் இந்தப் புரதத்தை அளக்கும் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புகைப்பதை நிறுத்திய பிறகும் வீக்கம் தொடரலாம். ஆனாலும் நுரையீரல் தேயும் வேகத்தைக் குறைக்க, நிறுத்துவதைவிடப் பெரிய வழி எதுவும் இல்லை.

அடுத்து, பழைய ரத்தப் பரிசோதனைத் தாளை எடுங்கள். ஈசினோஃபில் (இதுவும் ஒரு வகை வெள்ளையணு) என்ற வரியில் பெரும்பாலும் சதவீதம்தான் இருக்கும். அதை மொத்த வெள்ளையணு எண்ணிக்கையோடு பெருக்குங்கள். 8,000-ல் 4 சதவீதம் என்றால் 320. சி.ஓ.பி.டி.யில் அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கு இந்த எண் 300-ஐத் தொட்டால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாகக் கேட்கும். 100-க்குக் கீழே என்றால் பலன் குறைவு. அந்த மருந்து சி.ஓ.பி.டி.காரர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பையும் சற்றுக் கூட்டுவதால்தான் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் எடுத்த ரத்தத்தில் ஈசினோஃபில் பொய்யாகக் குறைந்து தெரியும். வயிற்றில் புழு இருந்தால் கூடித் தெரியும். ஆஸ்துமாவின் கதை வேறு. அங்கே எண் எதுவானாலும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடித்தளம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தாளோடு மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்.

தினமும் காலையில் வரும் முதல் சளியை வெள்ளை டிஷ்யூவில் துப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் இதைவிட மலிவான பரிசோதனை இல்லை. வழக்கமாக வெள்ளையாக வருவது பச்சையானால், நியூட்ரோஃபில்கள் கூட்டமாக வந்திருக்கின்றன. அவற்றில் உள்ள ஒரு நொதிக்கே பச்சை நிறம் உண்டு. நிறம் மாறியது, அளவு கூடியது, மூச்சு வாங்குவது அதிகமானது – மூன்றில் இரண்டு இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பழைய ஆன்டிபயாடிக் அட்டையைத் தேடி எடுக்காதீர்கள். ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இல்லை வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்ஹேலர் விஷயத்தில் நான் விடாப்பிடியானவள். மருந்து வீக்கம் உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே வேலை செய்யும்? அமுக்கி எடுக்கும் பஃப் வகையை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அமுக்கும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, முடிந்தால் 10 விநாடி அடக்குங்கள். கை ஒத்துவராவிட்டால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவை) வாங்கிக்கொள்ளுங்கள். பவுடர் வகை நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

எதிர்ப்பு சக்திக்கு நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ ஊசி ஒவ்வொரு வருடமும் வேண்டும், ஏனென்றால் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசிக்கு அப்படி வருடாவருடம் தேவையில்லை. எந்த வகை, எப்போது என்று உங்கள் மருத்துவர் சொல்வார். காய்ச்சல் இருக்கும்போது போகாமல், உடம்பு நன்றாக இருக்கும் வாரத்தில் போய்ப் போட்டுக்கொண்டு, தேதியை அந்த ரத்தப் பரிசோதனைத் தாளின் பின்னாலேயே எழுதி வையுங்கள்.